துணைவரும் மருந்துச் சிட்டையும்: பாலியல் நோய்ச் சட்டங்களின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பாலுறவின் வழியாகத் தொற்றும் நோய்கள் தனியொருவருடன் முடிவடைவன அல்ல. நோயாளி ஒருவருக்குத் தக்க மருந்து கொடுத்துக் குணப்படுத்திய பின்னரும், அவருடைய துணைவர் சிகிச்சை பெறாதிருப்பின், நோய் மீண்டும் அவரையே வந்தடையக்கூடும். மருத்துவ நோக்கில் இஃது எளிய உண்மை. சட்ட நோக்கிலோ இது நெடுங்காலமாகத் தீராச் சிக்கலாக இருந்து வந்துள்ளது. வைத்தியரின் முன் அமர்ந்திருப்பவர் ஒருவர். நோய் இருப்பதோ இருவரிடம். வைத்தியர் கண்டிராத அந்த இரண்டாமவர் தொடர்பில் வைத்தியரின் கடமை யாது? அரசின் அதிகாரம் எவ்வளவு? அவருக்குரிய உரிமை யாது?

இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்மைக் காலத்தில் அளிக்கப்பட்ட விடையே ‘விரைவுபடுத்தப்பட்ட துணைவர் சிகிச்சை’ எனப்படும் சட்ட ஏற்பாடு. கிளமிடியா, கொனோரியா போன்ற நோய்களுக்கு ஆளான ஒருவரிடம் அவருடைய துணைவருக்குரிய மருந்தையோ மருந்துச் சிட்டையையோ வைத்தியர் கொடுத்தனுப்பலாம். துணைவரை நேரிற் கண்டு பரிசோதிக்க வேண்டியதில்லை. 2001 இல் கலிபோர்ணியாவில் நடைமுறைக்கு வந்த இவ்வேற்பாட்டை இன்று அந்நாட்டின் மிகப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுள்ளன.

இச்சட்டங்களை நோக்குவோர் பொதுவாக இரு நிலைப்பாடுகளுள் ஒன்றைக் கொள்வர். ஒரு சாரார் இவற்றை அறிவியலின் இயல்பான முன்னேற்றமாகக் காண்பர். மற்றொரு சாரார், பொதுச் சுகாதாரம் என்பதே உடல்மீதான கண்காணிப்பு என்றும், இச்சட்டங்கள் அக்கண்காணிப்பைப் படுக்கையறை வரை நீட்டுவன என்றும் கூறுவர். இரண்டும் முழுமையற்றவை என்பது எமது கருத்து. ‘துணைவர்’ என்ற ஆள் சட்டத்தின் கண்ணுக்கு எவ்வாறு தென்பட்டார் என்பது, அவ்வக் காலத்துச் சொத்துறவுகளாலும் ஆண் பெண் உறவுகளாலும் மருத்துவத் தொழிலின் நலன்களாலும் நிர்ணயிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றின் முக்கியமான சில கட்டங்களை இங்கு நோக்குவோம்.

1

இலக்கிய மாணவர்களாகிய நாம் ஒரு நாடகத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். பிரெஞ்சு நாடகாசிரியரான இயூஜின் பிரியே எழுதிய ‘பழுதுற்றோர்’ என்ற நாடகம் 1901 இல் அந்நாட்டுத் தணிக்கையாளரால் தடைசெய்யப்பட்டது. சிபிலிசு நோய்க்கு ஆளான வசதிபடைத்த இளைஞன் ஒருவன் திருமணம் செய்ய இருக்கிறான். பல ஆண்டுகள் பொறுத்திருக்குமாறு வைத்தியர் எச்சரிக்கிறார். சீதனமும் தொழில் வாய்ப்பும் அத்திருமணத்தோடு பிணைந்திருப்பதால் அவன் பொறுக்க மறுக்கிறான், விரைவிற் குணப்படுத்துவதாகக் கூறும் போலி வைத்தியனிடம் செல்கிறான், மணமும் முடிக்கிறான். பிறந்த குழந்தை நோயுற்றிருக்கிறது. உண்மையறிந்த மாமனார் வைத்தியரிடம் வந்து மருமகனின் நோய்க்குச் சான்று கேட்கும்போது, தொழில் இரகசியத்தைக் காரணங்காட்டி வைத்தியர் மறுத்துவிடுகிறார்.

இந்நாடகத்தைப் பற்றிப் பேசியோர் பெரும்பாலும் மனைவியின் அவலத்தையே எடுத்துக்கூறினர். எமது கவனத்தைக் கவர்வது நாடகத்தின் நடுப்பகுதியில் வரும் செவிலித்தாய். நாட்டுப்புறத்திலிருந்து கூலிக்குப் பாலூட்ட வந்தவள் அவள். நோயுற்ற குழந்தைக்குப் பாலூட்டினால் நோய் அவளுக்கும் தொற்றும். வைத்தியர் இதனை அறிவார், குடும்பத்தினரும் அறிவர். ஆயினும் குழந்தையின் பாட்டி பணத்தைக் காட்டி அவளை நிறுத்திவைக்கவே முயல்கிறாள். மனைவியைப் பொறுத்தவரை ‘குடும்ப மானம்’ என்ற பெயரில் மறைக்கப்பட்ட உண்மை, செவிலியைப் பொறுத்தவரை கூலி என்ற பெயரில் மறைக்கப்படுகிறது.

மருத்துவ இரகசியம் என்ற உயரிய கோட்பாடு அக்காலச் சமூகத்தில் நடைமுறையில் யாரைக் காத்தது என்பதை இந்நாடகம் புலப்படுத்துகிறது. வைத்தியருக்குக் கட்டணம் செலுத்தியவன் கணவன். இரகசியமும் அவனுடைய உடைமையாயிற்று. மனைவி, குழந்தை, செவிலி ஆகிய மூவரும் நோயால் அவனோடு பிணைக்கப்பட்டிருந்தனர். வைத்தியரோடு எவ்வித உறவும் அற்றிருந்தனர். துணைவர் பற்றிய சட்டத்தின் முதல் நிலைப்பாடு இதுவே: அவருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை.

2

வசதிபடைத்த மனைவியை அறியாமையில் வைத்த அதே சமூகம், ஏழைப் பெண்ணைப் பொறுத்தவரை நேரெதிரான முறையைக் கையாண்டது. 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொற்றுநோய்ச் சட்டங்கள் இதற்குச் சான்று. படைமுகாம்களும் துறைமுகங்களும் அமைந்த நகரங்களில், பரத்தை என்று பொலிசார் ஐயுறும் எப்பெண்ணையும் உடற்பரிசோதனைக்கு உட்படுத்த இச்சட்டங்கள் இடமளித்தன. நோயுற்றவளாகக் காணப்பட்டால் அவள் அடைத்து வைக்கப்பட்டாள். முதற் சட்டத்தில் மூன்று மாதமாக இருந்த தடுப்புக்காவலின் உச்ச எல்லை, 1869 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்பது மாதமாக உயர்ந்தது.

படைவீரர் எவரும் இச்சட்டங்களின் கீழ்ப் பரிசோதிக்கப்படவில்லை. அவ்வாறு பரிசோதிப்பது அவர்தம் தன்மானத்தைப் புண்படுத்தும் என்று கூறப்பட்டது. நோய் இருவரிடை நிகழும் உறவாற் பரவுவது. சட்டமோ அவ்வுறவின் ஒரு முனையை மட்டுமே கண்டது. படையினரின் உடல் பேரரசின் உழைப்புக் கருவி. அதனைப் பழுதின்றி வைத்திருப்பதே நோக்கம். பெண்ணுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை, ஆணின் பயன்பாட்டுக்கு அவளை மீண்டும் ஏற்றவளாக்கும் பராமரிப்பாகவே கருதப்பட்டது. குடியேற்ற நாடுகளில் இம்முறை இன்னும் விரிவாகக் கையாளப்பட்டது. இந்தியாவில் 1868 இல் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டமையும், சென்னை மாகாணத்துப் படைநகரங்களில் அதற்கு முன்னரே ‘பூட்டு வைத்தியசாலைகள்’ இயங்கியமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

ஜோசபின் பட்லர் தலைமையிலான பெண்கள் இயக்கமும் தொழிலாளர் அமைப்புகளும் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக, பிரித்தானியாவில் இச்சட்டங்கள் 1883 இல் இடைநிறுத்தப்பட்டு 1886 இல் நீக்கப்பட்டன. தம் வீட்டுப் பெண்கள் வெறும் ஐயத்தின் பேரிற் பிடிக்கப்படலாம் என்ற நிலைமை, தொழிலாளரை இப்போராட்டத்தில் ஈடுபடச் செய்தது. அறநெறி வாதமும் வர்க்க உணர்வும் ஒருங்கிணைந்த அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

3

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதியதோர் அணுகுமுறை உருவாயிற்று. பிரித்தானியாவில் 1913 இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1916 இல் அறிக்கையளித்தது. அவ்வாண்டிலேயே, யாவருக்கும் இலவசமாகவும் இரகசியமாகவும் சிகிச்சையளிக்கும் நிலையங்களை உள்ளூராட்சி அமைப்புகள் நிறுவ வழிசெய்யப்பட்டது. இரகசியம் கட்டணம் செலுத்துவோனின் தனியுடைமை என்ற நிலை மாறி, வறியோருக்கும் உரியதாயிற்று. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் தகுதிபெற்ற வைத்தியர் அல்லாதார் இந்நோய்களுக்குச் சிகிச்சையளிப்பதைத் தடைசெய்தது. பிரியேயின் நாடகத்தில் வரும் போலி வைத்தியனைப் போன்றோரிடமிருந்து மக்களைக் காத்த இச்சட்டமே, சிகிச்சையளிக்கும் உரிமையை ஒரு தொழிற்குழுவின் கையில் ஒப்படைக்கவும் செய்தது. இவ்விரு விளைவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்த்தல் இயலாது.

சுவீடன் 1918 இல் இயற்றிய சட்டம் மேலும் ஒருபடி சென்றது. பரத்தையரைப் பதிவுசெய்யும் பழைய முறையைக் கைவிட்டு, ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவான கடமைகளை அது விதித்தது. நோயுற்றவர் சிகிச்சை பெறவேண்டும். நோய் எவரிடமிருந்து தொற்றியது என்பதையும் கூறவேண்டும். அதே வேளையில் சிகிச்சை முற்றிலும் இலவசமாக்கப்பட்டது. கட்டாயமும் உரிமையும் ஒரே ஏற்பாட்டில் இணைந்திருந்தமை இதன் சிறப்பியல்பு.

போர்க் காலங்களில் இம்முன்னேற்றங்கள் தளர்ந்தன. அதே 1918 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் நிறைவேற்றிய சேம்பர்லின்–கான் சட்டம், படைமுகாம்களின் அயலிலிருந்த பெண்களைத் தடுத்து வைப்பதற்கு மாநிலங்களுக்கு நிதி வழங்கியது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் குற்றவிசாரணை எதுவுமின்றி அடைக்கப்பட்டனர். பிரித்தானியாவில் 1942 இல் கொண்டுவரப்பட்ட 33பி என்ற பாதுகாப்பு ஒழுங்குவிதி, இரண்டு நோயாளிகள் தனித்தனியே ஒருவரைச் சுட்டிக்காட்டினால் அவரைக் கட்டாயப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் உட்படுத்த அனுமதித்தது. சொல்லளவில் இவ்விதி இருபாலாருக்கும் பொதுவானது. நடைமுறையிலோ அதனால் நடவடிக்கைக்கு உள்ளானோரில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. பாராளுமன்ற உறுப்பினரும் வைத்தியருமான எடித் சமர்ஸ்கில் போன்றோர் இதனைக் கண்டித்தனர். சட்டத்தின் சொற்கள் சமத்துவம் பேசுவதால் மட்டும் அதன் செயற்பாடு சமத்துவமாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது. துணைவர் இங்கு ஐயத்துக்குரியவர், தேடிப் பிடிக்கப்படவேண்டியவர்.

4

1943 இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையைச் சேர்ந்த ஜோன் மகோனி பெனிசிலினைச் சிபிலிசு நோய்க்குப் பயன்படுத்தி வெற்றிகண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, தலைமைச் சத்திரசிகிச்சையாளர் என்னும் அரச பதவி வகித்த தோமஸ் பரன், இந்நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். 1938 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கு நிதி வழங்கியது. நோயாளியிடம் துணைவர்களின் பெயர்களைக் கேட்டறிந்து, அவர்களைத் தேடிச் சென்று சிகிச்சைக்கு அழைத்துவரும் அரச ஊழியர் அணி உருவாயிற்று. பொலிசாரின் இடத்தைச் சுகாதார ஊழியர் படிப்படியாகப் பெற்றனர்.

இதே பொதுச் சுகாதாரச் சேவையின் மறுபக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் நடத்தப்பட்ட ஆய்வில், சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஆண்கள் சிகிச்சையளிக்கப்படாது அவதானிக்கப்பட்டனர். பெனிசிலின் கிடைத்த பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. ஏனைய இடங்களில் துணைவர்களைத் தேடி அலைந்த அதே சேவை, இம்மனிதரின் மனைவியரைத் தேடவில்லை. ஆய்வு அம்பலமானதன் பின்னர், 1975 இல் மனைவியருக்கும் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அரச மருத்துவ உதவி நீட்டிக்கப்பட்டது. ஏழைக் கறுப்பினக் குத்தகை விவசாயியின் மனைவி நாற்பது ஆண்டுகளாகத் துணைவர் என்ற வகைக்குள்ளேயே சேர்க்கப்படவில்லை. யார் துணைவராகக் கருதப்படுகிறார் என்பதே அரசியல் என்ற எமது கூற்றுக்கு இது சான்றாகும்.

இக்காலத்தில் இன்னொரு சட்ட மாற்றமும் நிகழ்ந்தது. 1951 இல் நிறைவேற்றப்பட்ட டரம்–ஹம்பிரி திருத்தச் சட்டம், வைத்தியரின் சிட்டையுடன் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளைத் தனிவகையாகப் பிரித்தது. பெனிசிலினும் பின்வந்த நுண்ணுயிர்க் கொல்லிகளும் இவ்வகையுள் அடங்கின. ஒவ்வாமை, தவறான பயன்பாடு ஆகியவற்றிலிருந்து மக்களைக் காக்கும் நியாயமான நோக்கம் இதற்கு இருந்தது. ஆயினும், வைத்தியரைச் சென்று காண வசதியற்றவர் மருந்தினின்றும் விலக்கப்பட்டார் என்பதும் அதன் விளைவே. 1990களின் இறுதியில் இணையவழி மருந்து வணிகம் பெருகியபோது, முற்பரிசோதனையின்றிச் சிட்டை எழுதுவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று பல மாநில மருத்துவச் சபைகள் விதிகளை இறுக்கின. வணிகரைக் கட்டுப்படுத்த எழுந்த அவ்விதி, காணாத துணைவருக்கு மருந்து கொடுக்க விரும்பிய வைத்தியரையும் தடுத்தது.

5

இந்நிலையில் இரு பௌதிக நிலைமைகள் மாறின. முதலாவதாக, ஒரே வேளையில் விழுங்கத்தக்க அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் 1990களிற் பரவலாகின. ஊசி தேவையில்லை, ஒரு கிராம் மருந்தை ஒரு முறை உட்கொண்டால் கிளமிடியாவுக்குப் போதும் எனக் கருதப்பட்டது. மருந்து கையிலிருந்து கைக்கு மாறக்கூடிய பொருளாயிற்று. இரண்டாவதாக, துணைவரைத் தேடும் அரச ஊழியர் தொகை நோயாளர் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்நாட்டில் ஓராண்டில் அறிவிக்கப்பட்ட கிளமிடியா நோயாளர் தொகை 2006 இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. இருந்த சொற்ப ஊழியர் சிபிலிசு, எச்.ஐ.வி. ஆகியவற்றின் மீதே கவனஞ் செலுத்தினர். ஏனைய நோயாளர், ‘உங்கள் துணைவரிடம் கூறுங்கள்’ என்ற அறிவுரையுடன் அனுப்பப்பட்டனர்.

இதனால் வைத்தியர் பலர், சட்டம் என்ன கூறுகிறதென்று பாராமல், நோயாளியிடமே இரு பங்கு மருந்தைக் கொடுத்தனுப்பத் தொடங்கினர். நடைமுறை முந்தியது, சட்டம் பிந்தியது. வொஷிங்டன் மாநிலத்தின் கிங் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வு இந்நடைமுறையின் பயனை நிறுவியது. வழமையான முறையிலே அறிவுரை பெற்ற 931 பேரில் 121 பேருக்கு நோய் நீடித்தது அல்லது மீண்டது. துணைவருக்கு மருந்து விரைந்து கிடைக்க வழிசெய்யப்பட்ட 929 பேரில் அத்தொகை 92 ஆகக் குறைந்தது. கொனோரியா நோயாளரிடையே வேறுபாடு மிகத் தெளிவானது: நூற்றுக்குப் 11 பேர் என்ற நிலை 3 பேராகக் குறைந்தது. 2006 இல் கூட்டாட்சி அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் இம்முறையைப் பரிந்துரைத்தன. 2008 இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் சட்டத் தடைகளை நீக்குமாறு கோரியது.

தொடக்கத்திற் கிளமிடியாவுக்கு மட்டும் இடமளித்த கலிபோர்ணியாச் சட்டம் 2007 இல் கொனோரியாவையும் உள்ளடக்கியது. நியூயோர்க் மாநில ஏற்பாடு 2009 இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு மாநிலம் மாநிலமாகப் பரவிய இச்சட்டங்களில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பெயர் பற்றிய ஏற்பாடு. சில மாநிலங்களில் சிட்டையில் துணைவரின் பெயர் இருக்கவேண்டியதில்லை. இச்சிகிச்சையைக் குறிக்கும் சொல்லே போதும். 33பி விதியின் உயிர்நாடி பெயரைச் சுட்டுவது. இச்சட்டத்தின் உயிர்நாடி பெயரைக் கேளாதிருப்பது. கண்காணிப்புக் கோட்பாட்டை இச்சட்டங்களுக்குப் பொருத்துவோர் இவ்வேறுபாட்டைக் கணக்கிலெடுப்பதில்லை. வரலாற்றில் முதன்முறையாகத் துணைவர், ஐயத்துக்குரியவராகவன்றி, நேரில் வராத நோயாளியாக ஏற்கப்பட்டுள்ளார். இதனை மெய்யான முன்னேற்றம் என்று கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை.

6

ஆயினும் இம்முன்னேற்றத்தின் எல்லைகள் அது தோன்றிய சமூகத்தின் எல்லைகளே. முதலாவது, மருந்தின் விலை. சிகிச்சை பெரிதும் தனியார் காப்பீட்டின் வழி கிடைக்கும் நாட்டில், நோயாளியின் காப்பீடு பொதுவாக இன்னொருவருக்கான மருந்தின் செலவை ஏற்பதில்லை. பெயரற்ற துணைவருக்குக் காப்பீடும் இல்லை. சட்டம் அனுமதித்த மருந்தைப் பலர் தம் கைப்பணத்தால் வாங்கவேண்டியுள்ளது. அனுமதி பொதுவானது, பொருள் சந்தைக்குரியது.

இரண்டாவது, இச்சிகிச்சையின் சுமை யார்மீது விழுகிறது என்ற வினா. கிளமிடியா பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றி இருந்து, கருக்குழாய்களைப் பாதித்து, மலட்டுத்தன்மை வரை கொண்டுசெல்லக்கூடியது. ஆதலின் இளம் பெண்களே பெரிதும் பரிசோதிக்கப்படுகின்றனர். அவர்களே மருந்தை ஆணிடம் எடுத்துச் செல்லவேண்டியவர்களாகின்றனர். அரச ஊழியர் செய்துவந்த பணி ஊதியமின்றி அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அடிப்பவனாகிய துணைவனிடம் மருந்தோடு செல்லும் பெண்ணுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். இதனாலேயே வன்முறை அச்சம் உள்ளவிடத்து இம்முறையைத் தவிர்க்குமாறு வைத்தியருக்கு அறிவுறுத்தப்படுகிறது. வீட்டுக்குள் நிலவும் சமமின்மையைச் சட்டம் கருதிக்கொள்ளும் ‘இணையர்’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, மருந்தின் வரலாறு நிலைத்து நிற்பதன்று. கொனோரியா நுண்ணுயிர் மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் பெற்று வருவதால், 2020 இன் பின்னர் அந்நோய்க்கு ஊசிமூலம் ஏற்றப்படும் செப்திரியாக்சோனே முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 2021 இல் கிளமிடியாவுக்கும் ஒரு வேளை அசித்ரோமைசினின் இடத்தை ஏழு நாள் உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் பெற்றது. கொனோரியாத் துணைவருக்கு வாய்வழி மருந்து அனுப்புவது இன்றும் வழக்கிலுண்டு. எனினும் அது இரண்டாந்தரத் தெரிவே. ஒரு குளிசையை நம்பி எழுந்த சட்டம், அக்குளிசையின் வலு குறையும்போது மீண்டும் வைத்தியசாலையையும் சுகாதார ஊழியரையும் வேண்டி நிற்கிறது. துணைவரை முற்றிலும் காணாதிருக்கும் ஏற்பாடு, அவரிடம் இருக்கக்கூடிய சிபிலிசு, எச்.ஐ.வி. ஆகியவற்றையும் காணாது விடும். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் தொடர்பில் இம்முறை எச்சரிக்கையோடு கையாளப்படுவதற்கு இதுவே காரணம்.

பிரித்தானியா வேறு வழியைத் தேடியமை ஒப்புநோக்கத்தக்கது. துணைவரைத் தகுதிபெற்ற சுகாதார ஊழியர் தொலைபேசி வழியாகவேனும் விசாரித்த பின்னரே மருந்து அனுப்பும் முறை அங்கு ஆராயப்பட்டது. 1916 இலிருந்து தொடரும் இலவச நிலையங்களின் மரபும் தேசிய சுகாதார சேவையும் இத்தெரிவைச் சாத்தியமாக்கின. துணைவரோடு பேசுவதற்கு ஊதியம் பெறும் ஒருவர் அங்கு இருந்தார். அமெரிக்கச் சட்டத்தின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அத்துணிவின் ஒரு பகுதி, அவ்வாறான ஊழியர் இல்லாமையிலிருந்து பிறந்தது என்பதைக் கூறாதுவிடின் வரலாறு முழுமை பெறாது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அறியவேண்டாதவர், ஐயத்துக்குரியவர், நேரில் வராத நோயாளி என மூன்று வடிவங்களில் துணைவர் சட்டத்திற் தோன்றியுள்ளார் எனலாம். ஒவ்வொரு வடிவமும் முந்தியதை முற்றாக அழித்துவிடவில்லை. இன்றும் வீட்டில் உண்மை மறைக்கப்படும் பெண் உளள். இன்றும் பொலிசாரின் ஐயத்துக்கு ஆளாகும் பெண் உளள். மூன்றாவது வடிவத்தை வென்றெடுத்தவர்கள் நோயாளரோடு நேரிற் பழகிய வைத்தியரும் சுகாதார ஊழியருமே. சட்டவாக்கத் துறையினர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். அவ்வெற்றியைப் பேணுதற்குச் சட்டவாசகம் மட்டும் போதாது. இலவச மருந்தும், போதிய ஊழியரும், மருந்தைக் கொண்டுசெல்லும் பெண்ணுக்கு அச்சமற்ற வீடும் வேண்டும். பிரியேயின் செவிலித்தாய்க்கு எவரும் கொடுத்தனுப்பாத மருந்து இன்று ஒருவேளை அவள் கைக்கு எட்டக்கூடும். அதற்கு அவளிடம் விலை கேட்கப்படுமா என்ற வினா இன்னும் விடையின்றியே உள்ளது.